தங்கையின் பள்ளிக்கூடம்

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கும் தனபாலுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மௌனிகா பிளஸ் ஒன்னில் முதல் மாணவி. இளையவள் தாரணிக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க வரவில்லை. பள்ளிக்கூடம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும். கடைசியில் தனபால் அவளைச் சித்தூர்ப் பக்கம் ஓர் ஓப்பன் ஸ்கூல் மையத்தில் சேர்த்தார். அங்கே பாடத்தைக் காதால் கேட்டுப் படிக்கலாம். பதிலை வாயால் சொல்லலாம், செய்தும் காட்டலாம்.

சரியான பஸ் இல்லாததால் அவரே பைக்கில் கொண்டுபோய் விட்டு அழைத்துவந்தார். திரும்பும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். "மண்புழு உரத்தப் பத்தி எம்புள்ள அத்தன பேரு முன்னால பேசுனாளாமா!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். கணக்கில் நூற்றுக்கு நூறு என்று மௌனிகா சொன்னபோது, "உனக்கென்ன கண்ணு, எப்பவும் வாங்கறதுதான?" என்றார்.

மௌனிகாவுக்கு வயிறு எரிந்தது. தாரணி தான் வரைந்த படமொன்றைக் காட்ட வந்த அன்று, "அதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா? மக்குகளக் கட்டிவெக்கற எடம்" என்று சொல்லிவிட்டாள். தாரணி படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். முன்பென்றால் அழுதிருப்பாள். அழாததும் மௌனிகாவுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த இயற்பியல் தேர்வில், விடை தெரிந்திருந்தும், பெயரை மட்டும் எழுதி வெறுந்தாளைக் கொடுத்தாள். பள்ளியிலிருந்து போன் போனது. தேங்காய் போடும் ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, சேறு படிந்த வேட்டியோடு தனபால் வந்து நின்றார். அவளைச் சேர்த்துவிட்டுப் போனபிறகு அன்றுதான் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்தார்.

"உனக்குமா சாமி படிக்க முடியல? சொல்லீருந்தா தங்கச்சி போற எடத்துலயே உன்னையும்..."

"எனக்கு முடியுதுங்கப்பா," என்றாள் மௌனிகா. "முடியறவளப் பாக்கத்தான் நீங்க வரமாட்டீங்கறீங்க."

"நான் வரணும்னு எனக்குத் தோணவே இல்ல கண்ணு" என்றார் தனபால்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்று மாலை மௌனிகா தங்கையிடம், "அன்னைக்கு அப்படிச் சொன்னது பொறாமையில சொன்னதுடி" என்றாள்.

"தெரியுமக்கா," என்றாள் தாரணி. "நீ மார்க் வாங்கீட்டு வர்றப்பல்லாம் எனக்கும் அப்படித்தான் இருந்துது. எத்தன வருசமா!"

மௌனிகா அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். தாரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்குக் காட்டறேன்" என்றாள்.