சாக்பீஸ் புள்ளிகள்

பியானோவின் மூடியைத் தூக்கினாள் ஆயாம்மா. நினைத்தது சரிதான். தந்திகளின் மேல் இன்றைக்கும் சாக்பீஸ் புள்ளிகள். புதிதாக வந்த பாட்டு வாத்தியார் கட்டைகளை விட்டுவிட்டு உள்ளே கைவிட்டுத் தந்தியைச் சுண்டுகிற ஆள். எதைச் சுண்டுவது என்று அடையாளம் வேறு. வாசல் இருக்க ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் நல்லவனா என்பது அவள் கேள்வி.

“ஒரு கீறல் விழுந்தாலும் உன்னத்தான் கேப்பேன்” என்று சொல்லித்தான் பெரிய டீச்சர் சாவியைக் கொடுத்திருந்தார். அதனால் தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் தந்திகளை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அழுத்தித் துடைத்துவைப்பாள். மறுநாள் புள்ளி இருந்தால் கள்ளன் வந்துபோயிருக்கிறான். தினமும் இருந்தது.

ஒருநாள் கதவோரம் நின்றவளை வாத்தியார் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, எனக்குக் காவலா?”

“உங்களுக்கு எதுக்கு சார்? பியானோவுக்கு.”

சிரித்தபடியே பருத்திக் கையுறையை மாட்டினார். கை வேர்வை தந்திக்கு ஆகாதாம். கைரேகைக்குப் பயப்படுகிறவன்தானே உறை போடுவான் என்று எண்ணிக்கொண்டாள்.

இன்று சுருதி சேர்ப்பவர் வந்து பார்த்தார். தந்திகளில் துரு, ஈரம் பட்டிருக்கிறது என்றார். பெரிய டீச்சர் வாத்தியாரையும் ஆயாம்மாவையும் அங்கேயே நிறுத்தினார்.

“இவரு உள்ள கை விட்டத நீ பாத்தியா?”

“தினமும் பாக்குறேம்மா.”

“உறை போட்டத பாத்தீங்களாக்கா?” என்றார் வாத்தியார்.

ஆயாம்மா இடுப்பில் செருகியிருந்த சாவியைச் சரிசெய்துகொண்டாள்.

“நாளைக்கு நிர்வாகத்துக்கிட்டயும் இதையே சொல்லு. இவர அனுப்பிட்டு வேற ஆள் பாத்துக்கலாம்” என்று பெரிய டீச்சர் நடந்தார். வாத்தியார் கையுறைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பின்னால் போனார்.

சுருதி சேர்ப்பவர் இன்னும் உள்ளேயே குனிந்திருந்தார்.

“சுண்டுனா துரு அங்கங்க திட்டுத்திட்டாதான் பிடிக்கும். இது கோடிக்குக் கோடி ஒரே இழுப்பா ஓடியிருக்கு. யாரோ கழுவிவிட்ட மாதிரி.” நிமிர்ந்தார். “இங்க யாரும்மா தொடைக்கிறது?”

ஈரத்துணி பிடித்திருந்த அவள் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பிடி இறுகியது. துணியிலிருந்து சொட்டிய நீர் குதிகாலில் விழுந்து தரையில் இறங்கியது. செங்கல்லைக் கரைத்துவிட்ட நிறம். அதன்மேல் மெதுவாகப் பாதத்தை வைத்து மறைத்துக்கொண்டாள். திறந்திருந்த மூடிக்குள் இன்றைய புள்ளிகள் அப்படியே இருந்தன.