பாக்கியத்துக்கு ஓர் இலை

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு ரேடியோவில் பாக்கியம் செத்துப்போனாள்.

மலாக்காவின் காஜா பெராங்கில், மீனாச்சி வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது உடனே தெரியவில்லை. ரேடியோவில் மழை பெய்தது. ஒருத்தி இருமினாள். ஒரு கிழவி கத்தினாள். பிறகு வயலின். எல்லோரும் ருக்மணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

வாராவாரம் அப்படித்தான். ரேடியோ தமிழில் பேசும். ருக்மணி அதை மலாயில் சொல்வாள். அவள் சொன்ன பிறகுதான் அது அவர்களுக்கு நடந்த மாதிரி.

“என்ன ஆச்சு?” என்றாள் மாமியார் மீனாச்சி.

“பாக்கியம் செத்துட்டா, மாக்.”

எல்லோரும் பிபிக், அத்தை, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு சீதா கெபாயாச் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தக் கிழவி எதுக்குக் கத்தினா?” என்றாள் மீனாச்சி.

பாக்கியத்தின் மாமியார் கத்தியது ருக்மணிக்கு இன்னும் காதில் இருந்தது. ஓடிப்போனவளுக்கு இங்கே என்னடி வேலை, போன இடத்துலயே சாவு. கதவு திறக்கவில்லை. பாக்கியம் மழையில் படியிலேயே கிடந்தாள்.

“தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சாம், மாக். திறக்க முடியலைன்னு கத்தினா.”

“அடப் பாவமே” என்றாள் பிபிக் சீதா. “எண்ணெய் போட்டு வைக்கக் கூடாதா!”

மீனாச்சியின் ஆட்கள் மலாக்காச் செட்டிகள். பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மலாய். கோயிலில் மணி அடிக்கும்போது மட்டும் காதில் விழுகிற மொழியாகத் தமிழ் அவர்களிடம் மிஞ்சியிருந்தது. ருக்மணி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜாசின் பக்கம் ரோடு போட வந்த ஓவர்சியர் தேவதாஸ், பால்வாளியோடு போன அவளைப் பார்த்து, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மீனாச்சி தங்கள் ஊரான கம்போங்கிலேயே ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். முதல் வருஷம் மருமகளிடம் அவள் பேசியது உப்பு, விறகு, விளக்கு, இவ்வளவுதான்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்கு இரண்டு வருஷம் முந்தி தேவதாஸ் செய்தி கேட்பதற்கென்று ரேடியோ வாங்கினான். அதில் ‘கடைசி லயம்’ என்ற நாடகம் வந்தது. ஒரு ரப்பர் தோட்டம், ஒரு கங்காணி, லயம் என்று வரிசையாகக் கூலி வீடுகள், அதில் பாக்கியம் என்கிற பால்வெட்டுக்காரி. வாய்த்துடுக்கு. ருக்மணி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். ஒருநாள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

“என்னத்துக்குச் சிரிக்கிறே?” என்றாள் மீனாச்சி.

ருக்மணி சொன்னாள். தோட்டத்துக் குமாஸ்தா கிராணியின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, பாக்கியமே கூட நின்று தள்ளிக்கொண்டு போகிறாளாம். மீனாச்சி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவளே கூப்பிட்டாள். “வா, ஆரம்பிச்சாச்சு.” அதற்கடுத்த மாதம் பாய் விரிக்க வேண்டியிருந்தது. கம்போங்கில் பாதிப் பெண்கள் வந்தார்கள். அந்தக் கால் மணி நேரம் ருக்மணி அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நாடகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கக் கொசு மருந்து. அப்புறம் மெர்டேக்கா வந்தது. கங்காணி வாரம் தவறாமல் குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள். “இந்தக் கங்காணிக்கு வீடு வாசல் கிடையாதா?” என்றாள் பிபிக் சீதா. ருக்மணி கங்காணியின் பேச்சை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெட்டப் பழகியவளுக்கு ஒட்டவும் வந்தது.

போன வருஷம் பாக்கியம் லாரிக்காரனோடு ஓடிப்போனாள்.

அன்றைக்குப் பெண்கள் ருக்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவளுடைய அம்மா இப்படித்தான் லயத்தை விட்டுப் போனாள். ரப்பர் ஏற்ற வந்த லாரியில். மறுநாள் அப்பா, “யாராச்சும் கேட்டா காய்ச்சல்ல செத்துட்டான்னு சொல்லு” என்றார். அவளும் அதையே சொல்லி வளர்ந்தாள். கல்யாணப் பேச்சிலும் அதையேதான் சொன்னார்கள்.

“அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம். பாக்கியம் பார்த்துக்க குளுவாங் ஊருக்குப் போறா” என்றாள் ருக்மணி.

“கூட ஒரு ஆம்பளை குரல் கேக்குதே?”

“அக்கா புருஷன்.”

“நல்லா சிரிக்கிறானே.”

“தங்கமான மனுஷன், மாக்.”

அப்படித்தான் இரண்டு பாக்கியம் ஆனார்கள். தமிழர் கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவில் மளிகை வாங்கப் போனால் ஒரு பாக்கியத்தைத் திட்டுவார்கள். துணிக்கடை அப்பாசாமி, “இந்த மாதிரி சிறுக்கிய நாடகத்துல வச்சா குடும்பப் பொம்பளைங்க எப்படிக் கேக்கிறது?” என்று ரேடியோவுக்குக் கடிதாசியே போட்டார். காஜா பெராங்கில் இன்னொரு பாக்கியம் அக்காளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அக்காள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் போல மருமகள் கிடைக்காது என்றார்கள். மீனாச்சியே ஒருநாள், “எஸ்டேட்டுப் பொண்ணுங்கதான் கஷ்டம் தெரிஞ்சவங்க” என்றாள். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ருக்மணி திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மார்க்கெட்டில் அவளைத் தேடி வந்து, அம்மா மூவார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகச் சொன்னார். எடுத்துப் போட யாரும் வரவில்லையாம். ருக்மணி வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு மீன் அரிந்தாள்.

பாக்கியம் செத்த வாரத்தில் பர்ச்சு வந்தது. பழங்கள் பழுக்கும் பருவத்தில் செட்டிகள் இறந்துபோனவர்களுக்குப் படைக்கிற நாள். முன்னறையில் வாழையிலை விரித்து, ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, அவரவருக்குப் பிடித்ததை வைப்பார்கள். மாமனார் இலையில் சம்பலும் சுருட்டும். அவருடைய தங்கை இலையில் மங்குஸ்தான் மட்டும். வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துபோட்டு, ஒதுங்கி நிற்பார்கள். பிடித்ததை வைக்காவிட்டால் வரமாட்டார்கள் என்பது மீனாச்சியின் கட்சி.

ஒவ்வொரு பர்ச்சுக்கும் ருக்மணிதான் இலை துடைப்பாள். இந்தத் தடவை துடைக்கும்போது இன்னும் ஓர் இலை எடுக்க முடிந்தால் என்று நினைப்பு வந்தது. கேட்டால் கேள்வி வரும். அம்மா எந்த வருஷம் போனாள், எங்கே புதைத்தார்கள், எப்படி. அவள் கேட்கவில்லை.

கேட்டது மீனாச்சி.

“பாக்கியத்துக்கும் ஒரு இலை போடணும்.”

பிபிக் சீதா சிரித்தாள். “ரேடியோ பொம்பளைக்கா? சாப்பிட எந்த வழியா வருவா, கரண்டு கம்பியிலயா?”

“சிரி. அவளுக்குப் பிள்ளையா குட்டியா? வாரம் தவறாம நம்ம வீட்டுக்கு வந்தவ. ருக்கு, அவளுக்கு என்ன பிடிக்கும்?”

“காராசேவு, மாக். கட்டங்காப்பி” என்றாள் ருக்மணி. யோசிக்கவே இல்லை.

“பாரு, இவ சொல்றா” என்றாள் மீனாச்சி.

காராசேவு வாங்க இருவரும் ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனார்கள். வாங்கி முடிந்ததும் மீனாச்சி வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். எதிர்க்கடையில் மலிவு என்று ருக்மணி சொல்லிப் பார்த்தாள். “அப்பாசாமிதான் முழம் அளந்து குடுப்பான்” என்று மீனாச்சி படியேறிவிட்டாள்.

கடையில் ‘கடைசி லயம்’ பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் திட்டிய வாய்கள்தான். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுக்குன்னு மழையில போட்டுச் சாகடிக்கணுமா?” என்றாள். இன்னொருத்தி இனிமேல் அந்தப் பக்கம் ரேடியோவைத் திருப்பப் போவதில்லை என்றாள். அப்பாசாமி கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி நின்றார். “நானும் எழுதினேம்மா. புத்தி சொல்லுங்கன்னுதான் எழுதினேன். கொல்லச் சொல்லல.”

மீனாச்சிக்குப் பாக்கியம் என்ற பேர் மட்டும் புரிந்தது. “பாவம் அந்தப் பொண்ணு” என்றாள் மலாயில்.

“ஞோன்யாவும் கேக்குறீங்களா?” அப்பாசாமி அவளுக்காக மலாய்க்கு மாறினார். “பாவம்தான், ஞோன்யா. லாரிக்காரனோட ஓடிப்போனது தப்புத்தான். அதுக்காக, திரும்பி வந்தவளுக்கு மாமியார்க்காரி கதவைத் திறக்காம இருக்கலாமா?”

ருக்மணி துணி பீஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீனாச்சி அவள் பக்கம் திரும்பவில்லை.

“ரெண்டு முழம் வெட்டு” என்றாள்.

பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வரும்போது மீனாச்சி காராசேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிபிக் சீதாவிடம் கடையில் கேட்டதை அப்படியே சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“ஓடிப்போனவளா!” பிபிக் சீதா இடுப்பில் கை வைத்தாள். “அப்ப அக்கா? அக்கா பிள்ளைங்க? அந்தக் கடைசிக் குழந்தைக்கு அம்மை போட்டப்ப நான் சாமிக்கு வேண்டிக்கிட்டேன், ருக்கு! அந்தக் குழந்தையே இல்லையா?”

“இல்ல, பிபிக்.”

“என் கண்ணீரைத் திருப்பிக் குடு. போன செவ்வாய்க்கிழமை அழுததை.”

சாயங்காலத்துக்குள் கம்போங் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் ருக்மணியைக் கண்டதும் பேச்சு நின்றது. யாரோ ஒருத்தி, எஸ்டேட்டுக்காரி எஸ்டேட்டுக்காரியைத்தானே காப்பாத்துவா என்றாள். தேவதாஸ் ராத்திரிச் சாப்பாட்டில், “ஒரு நாடகத்துக்கா இவ்வளவு?” என்று ஆரம்பித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு சோற்றைப் பிசைந்தான். ருக்மணிக்குச் செவ்வாய்க்கிழமை போனதுகூடப் பெரிதில்லை. உப்பு, விறகு, விளக்கு என்று மறுபடி ஆகிவிடும். அதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை.

பர்ச்சு அன்று காலை மீனாச்சி பாயை விரித்தாள். பிபிக் சீதா கோபத்தோடு வந்தாள், ஆனாலும் வந்தாள். ரம்புத்தான் காம்புகளை அவள் கிள்ளிய விதத்தில் கோபம் தெரிந்தது. ருக்மணி இலைகளைத் துடைத்து அடுக்கினாள். கூடுதலாக நறுக்கிய இலை அடியில் இருந்தது. அதை எடுத்துப் போடுவதா வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இத்தனை வருஷம் நீ சொன்னதெல்லாம் பொய்யா?” என்றாள் மீனாச்சி. அவள் இலை போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இல்ல, மாக். சைக்கிளு நிஜம். கொசு மருந்து நிஜம். பாக்கியம் போனதுக்கு அப்புறம் சொன்னதுதான்.”

“அதை மட்டும் ஏன் மாத்தினே?”

ருக்மணி இலையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இலைதான்.

“கல்யாணப் பேச்சுல உங்கப்பா ஒண்ணு சொன்னாரு” என்றாள் மீனாச்சி. “உங்கம்மா நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு.”

“ஆமா, மாக்.”

“காய்ச்சல்தானா? இல்ல, அவங்களும் அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

ரம்புத்தான் கிள்ளும் சத்தம் நின்றது.

“போயிட்டாங்க, மாக்” என்றாள் ருக்மணி.

“இப்ப எங்கே?”

“போன வருஷம். மூவார் ஆஸ்பத்திரியில. யாரும் போகலையாம். எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.”

மீனாச்சி மாமனார் இலையில் சோறு வைத்தாள். சம்பல் வைத்தாள். சுருட்டை இலையோரம் சாய்த்து வைத்தாள், அவர் எடுக்க வாகாக. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள், மங்குஸ்தான்களின் தொப்பியைத் திருகி எடுத்து வைத்தாள். வரிசை முடிந்தது.

பிறகு ருக்மணியின் கையருகே இருந்த அடி இலையை உருவினாள்.

“இன்னுமா அவளுக்கு?” என்றாள் பிபிக் சீதா. “ஓடிப்போன கழுதைக்கு?”

“பாக்கியத்துக்கு இல்ல. அவளுக்கு அழறதுக்குத்தான் பெண்டஹாராவே இருக்கே.”

காராசேவுப் பொட்டலத்தைத் தூக்கி பிபிக் சீதாவின் மடியில் போட்டாள். “நீ தின்னு. உன் கண்ணீருக்கு அது போதும்.”

இலையை வரிசையின் கடைசியில் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். சோறு வைத்தாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது, வெளியே வெயில். ருக்மணி அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்தது கொஞ்சம்தான். தலையில் கட்டிய துண்டு. கையில் காய்ந்த பால் வாடை. இருட்டோடு எழுந்து போவாள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, விளக்கை அணைத்த பிறகு, அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். பாத்திரச் சத்தம்தான் கேட்கும்.

மீனாச்சி கையில் கரண்டியோடு காத்திருந்தாள். சட்டிகள் எல்லாம் திறந்து இருந்தன.

“சொல்லு, ருக்கு. உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்?”