சர் ஆம்ப்ரோஸின் வாசனை

நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் முகத்தை வெந்நீர்த் துண்டு போர்த்தியிருந்தது. வில்ஃபிரட்டுக்கு முகம் தேவையில்லை, மூக்கு போதும். லாவெண்டர், ஆரஞ்சுத் தோல், அடியில் லேசாகப் புகையிலை. சர் ஆம்ப்ரோஸேதான்.

ஜெர்மின் தெருவில் அந்தச் சவரக்கடைக்கு வரும் கனவான்களிடம் பெயர் கேட்பது மரியாதை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாசனையைப் பின்னறையில் கலந்து கொடுப்பார்கள். ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுத்தவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். சர் ஆம்ப்ரோஸுக்குக் கலப்பது வில்ஃபிரட்தான்.

“குதிரைக்குக் கால் சரியாச்சா சார்?” என்றபடி கத்தியைத் தோல்வாரில் தீட்டினான்.

“எந்தக் குதிரை?”

துண்டை விலக்கினான். உருண்டை முகம், சிவந்த மூக்கு. முன்பின் பார்த்திராத ஆள்.

புட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டோமா? இந்த ஆள் இதற்கு முன் வந்ததே இல்லையே, எப்படிக் கொடுத்திருக்க முடியும்? ஒருவேளை மூக்கே கெட்டுப்போய்விட்டதா? நுரையைத் தடவுகிற சாக்கில் இன்னொரு தரம் குனிந்து முகர்ந்தான். அதேதான்.

“என்னப்பா, நாய் மாதிரி மோந்து பாக்குற?”

“நல்ல வாசனை சார். எங்க வாங்குனீங்க?”

“என் மனைவி குடுத்தா. பேரே ஒட்டாத புட்டி. போடாம வெளிய கிளம்பினா வீட்டுல சண்டைதான். வியாழக்கிழமை சீட்டாடப் போயிட்டு வருவா பாரு, அவ கையுறையிலகூட இதே வாசனைதான். என்மேல அவ்வளவு பிரியம்!”

வியாழக்கிழமை. சர் ஆம்ப்ரோஸ் மதியமே வந்து, வழித்துக்கொண்டு, பூச்செண்டோடு போகிற நாள். வில்ஃபிரட்டின் கத்தி காதோரத்தில் நின்றுவிட்டது. புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அதற்குள் கடையின் தலைமை நாவிதர் கிரிம்ஸ்டைக் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வில்ஃபிரட்டின் காதில் மட்டும் விழும்படி கேட்டார்: “இது யாரோடதுன்னு தெரியும்ல? இவருக்கு எப்படிப் போச்சு?”

உண்மையைச் சொன்னால் வேலை போகாமல் தப்பும். ஆனால் அது நாற்காலியில் இருப்பவரின் காதிலும் விழும். எதைச் சொல்வது?

“காலையில கலக்கும்போது கையில கொட்டிக்கிட்டேன் ஐயா. என் கை வாசனைதான் அது.” பதற்றத்தில் குரல் உரக்கவே வந்துவிட்டது.

கிரிம்ஸ்டைக் அவன் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தார். அந்த முகத்தில் நுரை தடவிய கை, மணக்கத்தான் செய்தது.

“கழுதை! கைகழுவக்கூட நான் சொல்லித் தரணுமா?” என்று முறைத்துவிட்டுப் போனார்.

வேலை போகாமல் தப்பியது. வில்ஃபிரட் மிச்ச முகத்தையும் வழித்து முடித்து, கோட்டைத் தூரிகையால் தட்டினான்.

உருண்டை முகக்காரர் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “உன் கையில கொட்டிக்கிட்டேன்னு சொன்னியே, அப்ப இங்கதான் செய்யறீங்களா? நல்லதாப் போச்சு. புட்டி தீரப்போகுது, ஒண்ணு கட்டிக் குடு. அவளுக்குத் தலைகால் புரியாது!”

“அது... விக்கிறதில்ல சார்.”

“ஏன்?”

ஒரு முடிகூட இல்லாத கோட்டை வில்ஃபிரட் மறுபடியும் தட்ட ஆரம்பித்தான்.