முனிக்கல்லில் ஒரு பச்சைக் கொப்பு

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டு ஏற்றத்தின் உச்சிக்கு வந்த லியனார்ட், முனிக்கல்லைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டான். பின்னாலிருந்து கேரியரைத் தள்ளி வந்த வீரய்யா, கட்டியிருந்த அரிசி மூட்டையில் முகத்தை இடித்துக்கொண்டான்.

"என்னா மச்சான், மூட்டைக்கு முத்தம் குடுக்கவா என்னைய கூட்டியாந்த?"

லியனார்ட் கையை நீட்டிக் காட்டினான். கல்லுக்கு மேலே சாய்ந்திருந்த கிளையில் ஒரு கொப்பு தொங்கியது. காட்டைக் கடக்கிறவர்கள் ஒரு கொப்பை ஒடித்து முனிக்கு வைத்துவிட்டுத்தான் போவார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களும் வைப்பார்கள், மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் வைப்பார்கள். பழைய கொப்புகளெல்லாம் காய்ந்து பாசி படிந்து கிடந்தன. இது மட்டும் பச்சை. வீரய்யா எட்டி ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தான்.

"டர்பன்டைன்," என்றான். கேலிக் குரல் அப்படியே இறங்கிப்போயிருந்தது.

டர்பன்டைன் மரம் இந்தக் காட்டுக்குள் கிடையாது. கீழே தோட்டத்து எல்லையில் விறகுக்காக நட்டு வைத்தது. அப்படியென்றால் கொப்பை வைத்தவன் தோட்டத்துப் பக்கமிருந்து ஏறி வந்திருக்கிறான். இவர்களுக்கு எதிரே இதுவரை ஒருவரும் வரவில்லை. ஆள் இந்தக் கல்லுக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறான்.

லியனார்ட் குனிந்து பார்த்தான். ஈர மண்ணில் சப்பாத்துத் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் வெறுங்கால்தான்.

"பொலிஸ்காரன் முனிக்குக் கொப்பு வப்பானா மச்சான்?" என்று கேட்டான் வீரய்யா.

"ஏன் வக்கமாட்டான்? அவனும் இந்தக் காட்டுக்குத் தனியாத்தானே வந்திருக்கான்."

எழுபத்து நான்காம் வருஷம் அது, இலங்கை முழுக்கப் பஞ்சம். பங்கீடு கொடுக்கும் கூப்பன் கடையில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களில் மரவள்ளிக்கிழங்கு வெந்தால் அன்றைக்கு விசேஷம். ஓரிரு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகத் தடை, மீறினால் ரோட்டில் பொலிஸ் பிடித்தது; அரிசியும் போகும், ஆளும் போவான். லியனார்டின் மனைவி பெற்றீசியாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. வெறும் கிழங்குத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுதுகொண்டிருந்தவரைக்கும் லியனார்ட் தைரியமாக இருந்தான். நேற்று அது அழுவதை விட்டுவிட்டு வெறுமனே வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. விடிந்ததும், மாதா கோயிலில் தாலி கட்டும்போது போட்டிருந்த கறுப்புக் கோட்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டான். சிங்களக் கிராமத்து வயல்காரன் அதை இடுப்புச் சாரத்துக்கு மேலேயே போட்டுப் பார்த்துச் சிரித்து, பத்துக் கொத்து அரிசி அளந்து கொடுத்தான்.

மலையைச் சுற்றி ஒரு வட்டம்தான் வழி. போகும்போது கார் ரோட்டில், வரும்போது ஆளில்லாத காட்டுப்பாதையில். காலையில் தடையில் நின்ற பொலிஸ்காரன் மறித்து, "பின்னேரம் இந்தப் பாதையால்தானே வாறது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத வீரய்யா, "ஆமாங்க மாத்தயா, நமக்கு வேற பாதை ஏதுங்க?" என்று சொல்லிவிட்டான். பொலிஸ்காரன் சைக்கிள் சீட்டுக்கடியில் மடித்து வைத்திருந்த சாக்கையும் பார்த்தான், மலையையும் பார்த்தான்.

இப்போது அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"என் நாக்கை இழுத்து வச்சு அறுக்கணும்," என்றான் வீரய்யா.

"அப்புறம் காமன் கூத்துக்கு ரதி வேசம் யார் கட்டுறது?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

முனிக்கல்லிலிருந்து லயம்வரை ஒரே இறக்கம். சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து வருஷமாகிறது. கடையில் சாமான் வருவதில்லை. இறக்கத்தில் கேரியரில் பெரிய கொப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு போவதுதான் தோட்டத்துப் பழக்கம். அது வேகத்தைப் பிடிக்கும். ஆனால் சரசரவென்று அது போடுகிற சத்தம் அடுத்த மலைக்கே கேட்கும்.

வீரய்யா தலைத்துண்டை உதறிக் கட்டினான். "நான் பாடிக்கிட்டே பாதையில நடக்குறேன். வெறுங்கையோட போறவனப் புடிச்சு என்னா பண்ணுவான், பீடியக் கேப்பான். பாட்டு நின்னா அவன் எங்கிட்ட நிக்கிறான்னு வச்சுக்க. அந்நேரம் நீ மரம் இழுத்த தடத்துல எறங்கிரு."

"அடிச்சான்னா?"

"ஒம் புள்ளைக்கு நான் மாமன்டா. போ. இந்தத் தடவையாச்சும் முனிக்கு ஒண்ணு வச்சிட்டுப் போ, வேதக்காரா."

அவன் மூடுபனிக்குள் இறங்கி மறைந்தான். கொஞ்ச நேரத்தில் ரதியின் ஒப்பாரி ஆரம்பமானது. மீசை வைத்த ரதி. கூத்து மேடையில் அந்தக் குரலைக் கேட்டு லியனார்ட் எத்தனையோ முறை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான். இன்றைக்குப் பாட்டின் ஒவ்வொரு அடியும் முடியும்போது அடுத்த அடி வருமா என்று காத்திருந்தான். மரம் இழுத்த தடம் பாதையின் வளைவுகளைக் குறுக்கே வெட்டி, செங்குத்தாகக் கீழே விழுந்தது. ஆனையை வைத்து மரம் இழுத்த காலத்துத் தடம். சைக்கிளில் அதில் இறங்கியவன் எவனும் இல்லை.

இறக்கத்துக்கென்று வழியில் வெட்டிக் கட்டியிருந்த கொப்பின் கயிற்றை அவிழ்த்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தடுமாறினான். பிறகு முனிக்கல்லின் மேல் வைத்தான். "மாதாவே, கோவிச்சுக்காத," என்று முணுமுணுத்தான்.

பாட்டு நின்றது.

பாதி வரியில், ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

லியனார்ட் ஏறி உட்கார்ந்து காலை எடுத்தான். முதலில் சக்கரம் தயங்கியது. அப்புறம் மலை அதைப் பிடுங்கிக்கொண்டது. காற்று கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. வேர்கள் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி எறிந்தன. மூட்டை முதுகில் வந்து மோதியது. ஒரு குதிகாலை மண்ணில் தேய்த்தான். தோல் உரிவது தெரிந்தது, எடுக்கவில்லை. உன்னிப் புதர் ஒன்று சாக்கைப் பிடித்து இழுத்துவிட்டது. எங்கோ இடதுபுறம் பனிக்குள் ஒரு அதட்டல் கேட்டது. சிங்களமா தமிழா என்று புரிவதற்குள் அது பின்னால் போய்விட்டது. டர்பன்டைன் வாசம் குப்பென்று அடித்தது. அடுத்து தேயிலை, அடுத்து லயத்துக் கூரைத் தகரம். தன் காம்பராவுக்குப் பின்னாலிருந்த மரக்கறித் தோட்டத்து வேலியில் சைக்கிளோடு போய் விழுந்தான்.

பிள்ளையை மாரில் அணைத்தபடி பெற்றீசியா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, காலெல்லாம் ரத்தம்ங்க!"

"அரிசியப் பாரு."

அவள் பார்த்தாள். சாக்கு ஓரத்தில் கிழிந்து பாதியாய் இளைத்திருந்தது. பிறகு அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி அப்படியே நின்றாள். லியனார்ட் திரும்பினான்.

காட்டின் விளிம்பிலிருந்து தேயிலை நிரைகளின் நடுவே, கறுப்பு மண்ணில், வெள்ளைக் கோடு ஒன்று இறங்கி வந்தது. வளைந்து வளைந்து, அங்கங்கே விட்டு விட்டு, நேராக அவர்கள் காம்பராவின் பின்வாசல்வரைக்கும். லயத்துக் கோழிகள் அதற்குள் மூக்கை வைத்துவிட்டன.

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பாட்டு மறுபடி தொடங்கவில்லை.

மேலே பனிக்குள் ஓர் உருவம் அசைந்தது. கோட்டின் வழியாகவே இறங்கி வந்துகொண்டிருந்தது. உடுப்பு தெரியவில்லை. தலையில் இருப்பது துண்டா தொப்பியா என்று தெரியவில்லை. காலில் என்ன என்பதைத் தேயிலைச் செடிகள் மறைத்தன.

"வீரய்யா அண்ணனாங்க?"

லியனார்ட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலேயே பார்த்தான்.

பெற்றீசியா பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சுளகை எடுத்து வந்தாள். கோழிகளை விரட்டிவிட்டு வாசலில் மண்டியிட்டாள். "யாரா இருந்தா என்னங்க. மொதல்ல அள்ளுவோம்."

அவள் மண்ணோடு சேர்த்து அள்ளத் தொடங்கினாள். மேலே வந்துகொண்டிருந்த உருவமும் நின்று குனிந்து மண்ணிலிருந்து அள்ளியது, நிமிர்ந்தது, நாலு எட்டு வைத்தது, மறுபடி குனிந்தது.