முப்பத்தொன்றாம் சாவடியில் ஒரு வாக்கு

தொகுதியைக் கலைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரத்தில், மூன்று பேர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து முதலாளியிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆற்றுக்கு வடக்கே ஒரு தொகுதி, தெற்கே ஒன்று, ரயிலடிப் பக்கம் மூன்றாவது என்று எல்லைக் குழு பிரித்துவிட்டது. பதினோரு நாடாளுமன்றத் தேர்தல்களைக் கண்ட தொகுதி, பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பதினொன்றில் தொடர்ந்து ஐந்தில் சுயேச்சையாக நின்று, ஐந்திலும் டெபாசிட் இழந்தவர் கடைக்காரர். கடைசியாக நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஊர் அவரை 'வேட்பாளர்' என்றுதான் கூப்பிட்டது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பத்திரிகை நிருபர் வந்தார். முன்னால் மகள் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள, வேட்பாளர் பின்னறையில் இருந்தார். கண் பரிசோதனைக்கான அந்த அறையில், எழுத்துகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் அட்டை ஒன்று சுவரில் தொங்கியது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவர் மனைவி, ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் போடறோம் சார். தொகுதியோட வரலாறு," என்றார் நிருபர். "தேர்தல் ஆபீஸ்ல கேட்டா, பழைய காகிதமெல்லாம் வெள்ளத்துல போச்சு, வேட்பாளர்கிட்ட போங்கன்னு கைகாட்டினாங்க."

"ஜெயிச்சவங்க யாரும் வெச்சுக்கலை. தோத்தவன்தான் வெச்சிருக்கேன்," என்று வேட்பாளர் அலமாரியைத் திறந்தார்.

சாவடிவாரியாக வாக்குக் கணக்குகள், வாக்காளர் பட்டியல்கள், துண்டறிக்கைகள். தேர்தலுக்கு ஒரு கட்டு. அவர் சொல்லச் சொல்ல நிருபர் எழுதினார். முதல் தேர்தலில் ஆலை முதலாளி ஒருவரே மனு செய்து போட்டியின்றி வென்றார். ஓட்டுப் போடக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் சிலர் அன்றைக்கும் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். இரண்டாவதில் மரம் சின்னத்தில் நின்ற ஒரு டாக்டர் அவரைத் தோற்கடித்தார். பிரசாரத்துக்குப் போன இடத்திலெல்லாம் நாடி பார்த்தவர், போகாத ஊர்களில் தோற்றார். நான்காவதில் ஒரு வக்கீல் வென்றது ஒன்பதே வாக்கில். மூன்று தடவை எண்ணினார்கள். எண்ணும் கூடத்தில் கூரை ஒழுகி, நனைந்த சீட்டுகளை இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்து காயவைத்தார்கள்.

"பெட்டி சூடு கூடி ரெண்டு சீட்டு கருகிடுச்சு. ரெண்டும் என்னோடது," என்றார் வேட்பாளர். "நான் ஆட்சேபிக்கலை. வக்கீல் பாவம், வியர்த்துப்போயிருந்தார்."

"ஆறாவதுல?"

"நர்ஸம்மா. நல்லவங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் கண் சோதனை வேணும்னுதான் நான் நின்னதே. அதை அவங்க கொண்டுவந்துட்டாங்க."

"அப்போ ஏழாவதுல எதுக்கு நின்னீங்க?"

"குத்தகை எடுத்த வயல் மாதிரி பழகிப்போச்சு," என்று மனைவி பட்டாணியைப் பார்த்தபடியே சொன்னார்.

நிருபர் சிரித்துவிட்டுக் கட்டுகளை வரிசைப்படுத்தினார். பிறகு நிமிர்ந்தார். "சார், மூணாவதைக் காணோமே. நீங்க முதன்முதலா நின்னது. வாக்காளர் பட்டியல் இருக்கு, வாக்குக் கணக்கு இல்லை."

"பூச்சி அரிச்சிருக்கும்."

"மத்ததையெல்லாம் விட்டுட்டு அதை மட்டுமா?"

"மூணாவதுலேயும் டாக்டர்தான் ஜெயிச்சார், பதினாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். எனக்கு இருநூத்துப் பதினொண்ணு. எழுதிக்கோங்க."

காகிதம் எங்கே இருக்கிறது என்று வேட்பாளருக்குத் தெரியும். நாற்பது வருடங்களாக அது எழுத்து அட்டைக்குப் பின்னால் இருந்தது. முப்பத்தொன்றாம் சாவடி இந்தத் தெருவுக்கானது. அதில் டாக்டருக்கு முந்நூற்றுச் சொச்சம், வேட்பாளருக்கு ஒன்று. வெளியே வந்தால் நாக்கில் நரம்பில்லாத ஊர் என்ன கேட்கும்? வீட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறதே, இன்னொன்று எங்கே என்று கேட்கும். பழி மனைவி தலையில் விழும்.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். வாக்குப்பதிவு நாளன்று இரவல் சைக்கிளில் எண்பது சாவடிகளைச் சுற்றியவர், சொந்தச் சாவடிக்கு வந்தபோது கதவைச் சாத்தி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக் கேட்டு நின்றவன் ஓட்டுப் போடவில்லை என்றால் சிரிப்பார்களே என்று, கடைக்கு வந்து பேனா மையைத் தொட்டு விரலில் வைத்துக்கொண்டார். கணக்கு வந்த அன்றுதான் அந்த 'ஒன்று' எவ்வளவு பெரியது என்று புரிந்தது. அவர் போடவில்லை என்றால், அது அவள் போட்டது. ஊரே மரத்துக்குக் குத்தியபோது அவள் ஒருத்தி அவருடைய குடைச் சின்னத்துக்குக் குத்தியிருக்கிறாள். அடுத்த நான்கு தேர்தலிலும் அவரை நிற்கவைத்தது கண் சோதனை மட்டுமல்ல, அந்த ஒன்றும்தான்.

மனைவி பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நேராகச் சுவருக்குப் போய் அட்டையைக் கழற்றித் திருப்பி, பின்னாலிருந்து மடித்த காகிதத்தை உருவி நிருபரிடம் நீட்டினார்.

"வருஷா வருஷம் தூசி தட்டறது நான்தானே," என்றார் கணவரிடம்.

நிருபர் விரித்துப் படித்தார். விரல் முப்பத்தொன்றில் நின்றது. "சார், உங்க வீட்டு ஓட்டே ரெண்டு..."

"நான் போடலை," என்றார் வேட்பாளர். சொல்லிவிட்ட பிறகு எளிதாகத்தான் இருந்தது. "நேரத்துக்கு வந்து சேரலை. விரல்ல இருந்தது பேனா மை. அந்த ஒண்ணு இவ போட்டது. அதை நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க."

"பேனா மைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் மனைவி. "ஒரு குளியல்ல போயிடுச்சே, ஓட்டு மை அப்படியா போகும்?" பட்டாணித் தோல் ஒன்று அவர் விரலில் ஒட்டியிருந்தது. "ஆனா அந்த ஒண்ணு என்னோடது இல்லைங்க."

வேட்பாளருக்கு முதலில் காதில் ஏறவில்லை. "என்ன?"

"நான் மரத்துக்குப் போட்டேன்."

முன்னால் மகள் யாருக்கோ கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டும் சத்தம் கேட்டது. நிருபர் பேனாவை மூடினார்.

"டாக்டருக்கா," என்றார் வேட்பாளர். குரல் இறங்கியிருந்தது. "என்ன பண்ணிட்டார் அவர்?"

"அவர் ஒண்ணும் பண்ணலை. கையில ஆறு மாசக் குழந்தை. எனக்கு ஷிஃப்ட் வேலை. நீங்க ஜெயிச்சுட்டா தலைநகரத்துக்குப் போயிடுவீங்க, வருஷத்துல பாதி நாள் அங்கேதான். சாவடிக்குள்ள போய் முத்திரையைக் கையில எடுத்துட்டு நெனச்சுப் பார்த்தேன். ஒத்தையா எப்படி சமாளிக்கிறதுன்னு பயந்துட்டேன். போட்டுட்டு வந்து ராத்திரி முழுக்க மனசே சரியில்லை. பதினாலாயிரம்னு கேட்டப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

"இருநூத்துப் பதினொரு ஓட்டு வாங்கினவன் ஜெயிச்சுடுவான்னா பயந்தே?"

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பேசறதைக் கேட்டா ஜெயிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

நிருபர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். இரண்டு லட்சம் வாக்காளர்கள் இருந்த தொகுதியில் அவர் ஜெயித்துவிடுவார் என்று நம்பிய ஒரே ஆள் அவருக்கு எதிராக வாக்களித்திருக்கிறாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கோபம் வருவதற்குள் வேறொரு எண்ணம் முந்திக்கொண்டது.

"அப்போ அது யாரு?" என்றார்.

"எது?"

"நானும் போடலை, நீயும் போடலை. ஒண்ணு விழுந்திருக்கே. இந்தத் தெருவுல யாரோ ஒருத்தர், சொந்தமில்லை பந்தமில்லை, எனக்குப் போட்டிருக்காங்க. அந்தப் பட்டியலை எடு."

அறுநூற்றுச் சொச்சம் பெயர்கள், ஓரம் மஞ்சளித்த தாள்கள். வேட்பாளர் பென்சில் எடுத்தார். மனைவி முக்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க, தெரு வீடு வீடாக எழுந்து வந்தது. ஒவ்வொருவரையும் அவரவர் கண்ணை வைத்துத்தான் வேட்பாளர் ஞாபகம் வைத்திருந்தார்.

"மூலை வீட்டுத் தச்சர்."

"இடது கண் மைனஸ் ரெண்டு. இழைப்புளித் தூள் எப்பவும் கண்ணாடியில இருக்கும்."

"உங்களோட பேச்சுவார்த்தையே இல்லையே அவருக்கு."

"அதான் எனக்குச் சந்தேகம்," என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"பேக்கரிக்காரம்மா. அவங்களுக்கு அப்பவே கண்புரை முத்திப்போச்சு. குடைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமக் குத்தியிருப்பாங்க."

"அந்தக் கண்ணை நான்தான் சோதிச்சேன். குடை நல்லாத் தெரியும்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

மாடியில் குடியிருந்த பஸ் டிரைவர், வாடகைக்கு சைக்கிள் விட்டவர், ஒரே ஜோடிக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட இரட்டைச் சகோதரிகள். பாதிப் பேர் இப்போது இல்லை. சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. பென்சில் புள்ளி வைத்துக்கொண்டே போனது. வெயில் அலமாரியைத் தாண்டிச் சுவருக்கு நகர்ந்திருந்தது.

"நான் எப்படி எழுதறது சார்?" என்றார் நிருபர், வாசல் பக்கம் நின்றபடி.

"ஒண்ணுன்னு எழுதுங்க. ஆள் கிடைச்சா சொல்றேன்."

மனைவி அடுத்த தாளைத் திருப்பினார். இருநூற்றெட்டு, இருநூற்றொன்பது. இந்த வீட்டு எண். இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்று.

"ரெண்டையும் அடிச்சுடுங்க," என்றார்.

வேட்பாளர் தன் பெயரை நேர்கோடாக அடித்தார். அடுத்த வரிக்கு வந்த பென்சில் நின்றது. சற்று யோசித்து, அங்கே ஒரு புள்ளி வைத்தார்.

"நான்தான் போடலைன்னு சொல்றேனே."

"இருக்கட்டும்," என்றார் அவர். "இருநூத்துப் பத்து யாரு?"