வலமாகச் சுற்றிய புள்ளி

"உனக்குப் பேச வராதா, இல்ல பேச ஆளில்லையா?"

வேங்கிக்காலில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் சேரப் போன அன்று சைலஜா அக்கா என்னைக் கேட்ட கேள்வி இது. சென்டரை நடத்துகிறவர் அவர்தான். வெப் டிசைன் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான். நான் தரையைப் பார்த்தேன். அம்மாதான் பதில் சொன்னாள்.

"கிளாஸ்ல எழுந்து படின்னா குரலே வராது மேடம். பசங்க சிரிச்சிருக்காங்க. பதினொண்ணாவதுல பாதியிலேயே நின்னுட்டா."

"இந்த வேலைக்கு வாய் எதுக்கும்மா? கை பேசினா போதும். சர்டிபிகேட் எவனும் கேக்க மாட்டான், என்ன பண்ணியிருக்கன்னுதான் பாப்பான்."

அதை நம்பித்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறினேன்.

ஆன்லைனில் எத்தனையோ டூல்கள் இலவசமாகக் கிடைத்தன. ஒன்று, பொருந்துகிற நிறங்களை எடுத்துக் கொடுக்கும். ஒன்று படத்தின் அளவைக் குறைக்கும். ஒன்று எந்த வரியில் தப்பு என்று காட்டும். சிரிக்காமல் என் தப்பைச் சொன்ன முதல் வாத்தியார் அதுதான். பிறகு, கேட்டால் முழுப் பக்கத்தையும் போட்டுத் தருகிற டூலும் வந்தது. பக்கத்து சீட்டு அன்புச்செல்வி அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம பொழப்பு அவ்ளோதானாக்கா?" என்றாள்.

"அது போடும்டி. போட்டது சரியான்னு பாக்க ஆள் வேணாமா? பயப்படாதீங்க" என்றார் அக்கா.

அன்புச்செல்வி அடுத்த மாதமே துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். நான் அக்காவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் இளவரசன் என்பவருக்கு வெப்சைட் வேண்டியிருந்தது. அக்கா அதை என்னிடம் கொடுத்தார். "இது ஓகே ஆச்சுன்னா நீ இங்கயே டிசைனர். பக்கத்துக்குக் கீழ உன் பேரும் வரும்."

கவியா என்று என் பேர், ஒரு பக்கத்தின் அடியில். அதை எழுதி எழுதி அழித்துப் பார்த்து, கடைசியில் வைத்தேன். அந்தக் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் ஏறி நின்று மலையைப் படம் எடுத்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிரிவலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் மலையை நடுவில் வைத்து, எட்டு லிங்கங்களையும் சுற்றிலும் வரிசையாகப் போட்டு, ஒரு சின்ன மஞ்சள் புள்ளி வலமாக நடந்து போகிற மாதிரி செய்தேன். ஒவ்வொரு லிங்கத்திலும் அது கொஞ்சம் நின்று போகும். அப்படி நிறுத்தத்தான் பல நாள் ஆனது. எந்த டூலும் செய்து தரவில்லை, நானே எழுதினேன்.

அக்கா பார்த்தார். தோளில் தட்டினார்.

இளவரசன் வந்த அன்று நான் ஓரத்து சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் புள்ளி ஒரு சுற்று முடிக்கிறவரை பார்த்தார்.

"அட, நின்னு கும்புட்டுட்டுப் போவுது பாருங்க! யார் மேடம் பண்ணது?"

என் காது சூடானது. எழுந்திருக்க வேண்டியிருக்குமோ என்று துப்பட்டாவைச் சரிசெய்தேன்.

"இதுக்கெல்லாம் இப்ப ஆள் வெக்கறதில்ல சார்" என்றார் அக்கா. "ஏஐ டூல்தான். நாலு வரி டைப் பண்ணா அதுவே போட்டுடும். அடுத்த பேட்ச்லருந்து கோடிங்கே கிடையாது, டூல் மட்டும்தான். உங்க லாட்ஜ்காரங்க சங்கத்துல சொல்லுங்க, எல்லாருக்கும் நானே சொல்லித் தரேன்."

பக்கத்தின் அடியைப் பார்த்தேன். என் பேர் இருந்த இடத்தில் சென்டரின் பேர் இருந்தது.

டூல் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது என்னிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"ரொம்ப ஈசியா இருக்கே!" என்றார் இளவரசன். "அப்ப இந்த ரூம் போட்டோவ ஜாஸ்தி பெருசாக்கி, மலைய கொஞ்சம் கம்மி பண்ணுங்க. இப்பவே பாத்துட்டுப் போயிடறேன்."

அக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு என் பக்கத்தை அப்படியே அந்த டூலில் போட்டு நாலு வரி டைப் செய்தார். புதுப் பக்கம் வந்தது. அறையின் படம் பெரிதாகப் பளபளவென்று இருந்தது. மலை சின்னதாகியிருந்தது. புள்ளி எங்கேயும் நிற்காமல் இடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ! என்ன மேடம் இது, அப்பிரதட்சணமா சுத்துது? சாவு வூட்டுலதான் இப்படிச் சுத்துவாங்க. இத போட்டா பௌர்ணமிக்கு என் லாட்ஜுக்கு எவன் வருவான்?"

அக்கா மறுபடி டைப் செய்தார். அறையின் நிறம் மாறியது. புள்ளி இடமாகவே ஓடியது.

"கவியா, இங்க கொஞ்சம் வாம்மா" என்று திரும்பாமலேயே கூப்பிட்டார். தாழ்ந்த குரலில், "சட்டுனு சரி பண்ணிக் குடு" என்றார்.

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். கை கீபோர்டு வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன். வகுப்பில் எழுந்து நின்றால் வராத குரல் வந்தது.

"நாலு வரி டைப் பண்ணுங்கக்கா. அதுவே பண்ணிடும்."

இளவரசன் என்னைப் பார்த்தார். என் துப்பட்டாவை, கீபோர்டு மேல் நின்றுவிட்ட என் கையை, பிறகு அக்காவை. "மேடம், மொதல்ல காட்டுனீங்களே, அது யார் பண்ணது?" என்றார் மெதுவாக.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை அக்கா வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. கை பேசினால் போதும் என்று சொன்ன வாய் அது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு பேர். அவர் சொன்னால் மற்றதையெல்லாம் மறந்துவிடத் தயாராக இருந்தேன்.

அக்கா மேஜையிலிருந்து கைப்பையை எடுத்தார். அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, அதிலும் ஒரு ஹலோகூடச் சொல்லாமல், படியிறங்கிப் போனார்.