வெறும் கவர்

ஜெயசுதாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மலை மேல் ஜமுனாமரத்தூர் சந்தை கூடுவதற்கு முன்பே லாரியை ஓரங்கட்டச் சொல்லி, பின்கதவை இறக்கி, கையில் மைக்கோடு ஏறி நின்றுவிட்டாள்.

"கவரைத் தூக்கிப் போடாதீங்க. எங்க கம்பெனி கவரோ, வேற கம்பெனி கவரோ, எதுன்னாலும் இங்க கொண்டாந்து குடுங்க."

மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் அவளும் அண்ணன் சக்திவேலும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கம்பெனி நடத்துகிறார்கள். மலை மேல் உள்ள மளிகைக் கடைகளில் உப்பும் பருப்பும் வருகிற கெட்டிக் கவர் அவர்கள் போடுவதுதான். அந்தக் கவரையெல்லாம் திரும்ப வாங்கி, அரைத்து, உருக்கி, களத்தில் விரிக்கிற படுதாவாக்க வேண்டும் என்பது ஜெயசுதாவின் ஆசை. எந்த அதிகாரியும் செய்யச் சொல்லவில்லை. தங்கள் கம்பெனிப் பெயர் போட்ட கவர் ஒன்று மலை ஓடையில் மிதந்து போவதை ஒருநாள் கண்ணால் பார்த்தாள், அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. "எவனும் செய்யாததை நாம மட்டும் இன்னாத்துக்குச் செய்யணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அரைக்கிற மிஷினை வாங்கிப் போட்டான் சக்திவேல். தங்கை கேட்டு அவன் எதைத்தான் இல்லையென்றான்!

மிஷின் வந்தது, கவர்தான் வரவில்லை. போன மூன்று சந்தைக்கும் லாரி காலியாக ஏறி காலியாகவே இறங்கியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சக்திவேல், இன்றைக்கு அவனே லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னிக்கும் வெறும் லாரிதான்னா, மிஷினைத் திருப்பிக் குடுத்துடலாம் சுதா. வேலூர் ஏவாரி கிட்ட பேசிட்டேன்" என்றான்.

"இன்னிக்கு வரும்ணா."

எந்த நம்பிக்கையில் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் வந்தது. வெயில் ஏற ஏற, தலையில் மூட்டையோடு மலைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து லாரிக்குப் பின்னால் நின்றார்கள். வரிசை சந்தை முனையைத் தாண்டிவிட்டது. ஜெயசுதா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் கடித்த முறுக்கை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தான்.

முதலில் நின்றவள் மாதம்மாள். மூட்டையை அவிழ்த்து ஒரு கவரை நீட்டினாள். பளிச்சென்று கழுவிய கவர், வாய் நாரால் கட்டியிருந்தது, உள்ளே ஒரு பிடி சாமை. அடுத்த கவரிலும் சாமை. அதற்கடுத்ததில் நாலைந்து நெல்லிக்காய். தானியம் மிஷினுக்குள் போனால் தீர்ந்தது கதை. உருக்கும்போது கருகி, படுதா முழுக்க ஓட்டை விழும். விற்க வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள் ஜெயசுதா. சும்மா இருக்குமா வாய்? மைக்கை எடுத்தாள்.

"சாமையெல்லாம் வேணாம்மா. வெறும் கவரா குடுங்க."

மாதம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். மூட்டையைக் கட்டி, தலையில் வைத்து, திரும்பி நடந்தாள். அவள் பின்னால் இருந்தவளும் திரும்பினாள். அதற்குப் பின்னால் இருந்தவளும்.

மைக் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஜெயசுதா லாரியிலிருந்து குதித்து ஓடி மாதம்மாளை வழிமறித்தாள்.

"இன்னாம்மா, எங்க போறீங்க?"

"வெறும் கவரை எப்பிடிம்மா குடுப்பேன்? ஏனமோ சட்டியோ கவரோ, சாமான் வந்ததை வெறுசா திருப்புனா உன் வூடும் வெளங்காது, என் வூடும் வெளங்காது. நீ மொத சந்தையில சொன்னப்பவே எல்லாரும் கேட்டோம். உள்ள போட அப்ப கையில இன்னா இருந்துச்சு? அறுப்பு முடியட்டும்னு கழுவிக் கழுவி கூரை எறவாணத்துல சொருகி வெச்சோம். இப்பதான் சாமை வூடு வந்துச்சு. நீ வேணாம்ங்கிற."

காலி லாரியைப் பார்த்து ஜெயசுதா இந்த மூன்று சந்தையாக இவர்களை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டியிருப்பாள்! வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. நடுச்சந்தையில் நின்று முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"புரியாம பேசிட்டேன். இதுல கொட்டுங்கம்மா."

மாதம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாரை அவிழ்த்து, சாமையை மடியில் கொட்டி, கவரை நன்றாக உதறிக் கையில் கொடுத்தாள். "இப்ப சரி" என்றாள்.

போன வரிசை திரும்பி வந்தது. மடி கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சக்திவேல் இறங்கி வந்து தார்ப்பாயை விரித்தான். ஒரு பக்கம் சாமை குவிந்தது, லாரிக்குள் கவர் குவிந்தது. எண்ணெய்க் கவர், பிரெட் கவர், ஊர் பேர் தெரியாத கம்பெனிக் கவர்களெல்லாம் வந்தன. யாரும் சொல்லாமலே சக்திவேல் ஒவ்வொரு கவராக உதறிப் பார்த்து உள்ளே எறிந்தான். கடைசியில் பின்கதவை மூட இரண்டு பேரும் சேர்ந்து முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. வேலூர் வியாபாரிதான், மிஷினை எடுக்க நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா என்றார். சக்திவேல் தங்கையைப் பார்த்தான்.

"வண்டியை அனுப்புங்க" என்றான். அவள் முகம் விழுந்தது. "மிஷின் தர்றதா இல்ல. ஆனா பேசி வெச்சுட்டு உங்களை வெறுசா திருப்பக் கூடாதில்ல, சாமை ஏத்தி விடுறேன்."